ஒப்பரேஷன் செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னால்...
கணையப் புற்றுநோய் பற்றித் தோட்டக் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்



ஒரு சம்பள நாளுக்கு மறுநாள் இரண்டு அண்ணன் தம்பிமார் என்னைத் தேடி ஒபீசுக்கு வந்தார்கள். அவர்களுடைய அப்பா எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்கும் போய்விட்டது என்றும் பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒப்பரேஷன் செய்ய முடியாது என்றும் டொக்டர் சொல்லிவிட்டார்.

மூத்த மகன் சொன்னது இது: "நாங்க தோட்டத்து ஆளுங்க, காசு இல்லாதவங்கன்னுதானே சார் கைவிட்டுட்டாங்க? பிரைவேட்ல கட்டினா வெட்டி எடுத்துடுவாங்களாம். அப்பாவோட சேமலாபப் பணம் கொஞ்சம் இருக்கு. அம்மா தோடு இருக்கு. மிச்சத்த வட்டிக்கு வாங்குறோம். நீங்க ஒரு கடிதம் மட்டும் தாங்க."

கடிதம் எழுத எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ஏன் ஒப்பரேஷன் செய்ய முடியாது என்பது அவர்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அதனால் அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். அந்த டொக்டர் வேலை நெருக்கடியிலும் ஒரு தாளில் படம் கீறி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் இங்கே அறியத் தருகின்றேன். இதேபோன்ற நிலை நாளைக்கு வேறொரு லயத்திலும் வரக்கூடும்.

கணையம் என்றால் என்ன?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைச் சதையி என்றும் எழுதியிருப்பார்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண் அளவுகூட இல்லை. இதற்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நாம் சாப்பிடும் கொழுப்பு, இறைச்சி, மாச்சாப்பாடு எல்லாவற்றையும் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. மற்றது, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது.

கணையத்தின் தலைப்பகுதி சிறுகுடலின் தொடக்கத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயும் அந்தத் தலைப்பகுதி வழியாகத்தான் வருகிறது. குடலுக்கும் ஈரலுக்கும் போய் வரும் பெரிய இரத்தக் குழாய்கள் அதற்கு அடுத்தாற்போல் ஓடுகின்றன. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த இடம்தான்.

ஏன் பிந்தித் தெரிகிறது?

மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். வாயில் புண் வந்தால் கண்ணாடியில் தெரியும். கணையமோ வயிற்றின் அடியில் ஒளிந்திருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் எந்த நோவும் இருப்பதில்லை. நோவு வந்தாலும் கேஸ் என்றோ, கொழுந்துக் கூடை சுமந்த முதுகுவலி என்றோ நினைத்துவிடுகிறோம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் கடும் சாயத் தண்ணி போலப் போகும். மலம் வெளுத்து, களிமண் நிறமாக இருக்கும். உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். நோவில்லாமலே இப்படி மஞ்சள் வரக்கூடும். கணையத் தலைப்பகுதிக் கட்டி பித்தக் குழாயை நெருக்குவதால்தான் இது ஏற்படுகிறது.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி, படுத்தால் கூடி, முன்னால் குனிந்து இருந்தால் குறையும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சாப்பாட்டில் வெறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் மலம், வயது போன காலத்தில் திடீரென்று வரும் சீனி வியாதி ஆகியவையும் அறிகுறிகளே. இவை எல்லாம் வேறு சாதாரண நோய்களாலும் வரலாம். ஆனாலும் மஞ்சள் நிறத்தை மட்டும் யாரும் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது.

நான் மேலே சொன்ன ஐயாவுக்குக் கண் மஞ்சளானபோது, மஞ்சட்காமாலை என்று சொல்லி வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியமும் இருந்தார். அப்படியே ஏழு வாரம் போய்விட்டது. அந்த ஏழு வாரம் முந்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழு வாரமும் அரிப்பில் தூங்காமல் கிடந்தாரே, அதையாவது தவிர்த்திருக்கலாம். ஆகவே கண் மஞ்சளானால் அன்றே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள். அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பாருங்கள்.

ஒப்பரேஷன் யாருக்குச் செய்யலாம்?

சீ.டி. ஸ்கேன் எடுத்த பிறகு டொக்டர்மார் நோயாளியை மூன்று வகையில் ஒன்றாகப் பார்க்கிறார்கள்.

முதலாவது, கட்டி கணையத்துக்குள் மட்டும் இருக்கிறது, பெரிய இரத்தக் குழாய்களைப் பிடிக்கவில்லை. இவர்களுக்கு ஒப்பரேஷன் செய்யலாம். நோய் கண்டுபிடிக்கப்படும் 10 பேரில் ஒருவர் அல்லது இருவர்தான் இந்த நிலையில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கட்டி தூரத்துக்குப் பரவவில்லை, ஆனால் பக்கத்து இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்துவிட்டது. இவர்களுக்கு முதலில் மருந்தேற்றுவார்கள். சில மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி அடங்கியிருந்தால் சிலருக்கு அதன் பிறகு ஒப்பரேஷன் செய்ய முடிகிறது. ஆகவே இந்த வகைக்காரரிடம் இப்போது முடியாது என்று சொன்னால், அது எப்போதும் முடியாது என்று ஆகாது. "மருந்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, நோய் ஈரலுக்கோ, நுரையீரலுக்கோ, வயிற்றின் உட்சவ்வுக்கோ பரவிவிட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இவர்களுக்குக் கட்டியை வெட்டி எடுக்கும் ஒப்பரேஷன் செய்வது வழக்கமில்லை. இலங்கையில் மட்டும் இப்படி இல்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் இதே நடைமுறைதான்.

அந்த ஒப்பரேஷன் எப்படிப்பட்டது?

கணையத் தலைப்பகுதியை எடுக்கும் ஒப்பரேஷனுக்கு விப்பிள் ஒப்பரேஷன் என்று பெயர். அமெரிக்காவில் அலன் விப்பிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1935 இல் இதைப் பற்றி எழுதினார். அதற்கு முன் 1909 இலேயே ஜெர்மனியில் வால்தர் கவுஷ் என்பவர் இதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார்.

கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியும், இவ்வளவையும் எடுத்துவிட்டு, மிச்சமுள்ள கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் குடலோடு தைத்து இணைக்க வேண்டும். பல மணித்தியாலம் பிடிக்கும். தைத்த இடத்தில் கணைய நீர் கசிந்தால் பெரிய ஆபத்து. 1960களில் இந்த ஒப்பரேஷன் செய்த நாலு பேரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். இன்று இதை அடிக்கடி செய்யும் பெரிய ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அப்படி இறக்கிறார்கள். எப்போதாவது ஒன்று செய்யும் இடங்களில் ஆபத்து இன்னும் கூட. ஒப்பரேஷனுக்குத் தகுதியானவர்களும், அதிகம் செய்து பழகிய இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பரவிய பிறகு ஏன் வெட்டுவதில்லை?

"பெரிய கட்டியையாவது எடுத்தா கொஞ்ச நாள் கூட இருப்பாருல்ல?" என்று இளைய மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு டொக்டர் சொன்ன பதிலை நம்ம வேலையை வைத்தே சொல்கிறேன்.

மலையில் ஒரு மூலையில் களைச்செடி ஒன்று முளைத்தால் வேரோடு பிடுங்கி எறியலாம். அது பூத்து, விதை மலை முழுவதும் விழுந்த பிறகு, அந்தத் தாய்ச்செடியை மட்டும் பிடுங்கி என்ன பிரயோசனம்? அடுத்த மழைக்கு எல்லா இடத்திலும் முளைக்கும். ஈரலில் ஸ்கேனுக்குத் தெரிவது இரண்டு புள்ளி என்றால், தெரியாதவை இன்னும் இருக்கும். அவை இரத்தத்தோடு போய்விட்டவை. கத்தியால் அவற்றைப் பிடிக்க முடியாது. உடம்பு முழுவதும் ஓடும் மருந்தால்தான் முடிந்த அளவு அடக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஒப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு கிழமை, உடம்பு தேறப் பல மாதம். அதுவரை மருந்தேற்ற முடியாது. நோயோ அதற்குள் ஓடிவிடும். ஆறு மாதமோ எட்டு மாதமோ மீதி இருக்கும் ஒருவருக்கு, அதில் மூன்று மாதத்தைக் கட்டிலிலும் காயத்திலும் கழிக்க வைப்பது நன்மையாகாது. டொக்டர் வெட்ட மாட்டேன் என்றது அந்த ஐயாவின் மிச்ச நாளைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

எவ்வளவு காலம்?

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024 இல் வெளியிட்ட கணக்கின்படி, கணையப் புற்றுநோய் வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 13 பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். நோய் கணையத்துக்குள் மட்டும் இருக்கையில் கண்டுபிடித்தவர்களில் சுமார் 44 பேர். தூரத்துக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தவர்களில் சுமார் 3 பேர்.

மருந்து ஒன்றும் பயன் தராது என்று நினைக்க வேண்டாம். 2011 இல் பிரான்சில் செய்த ஓர் ஆராய்ச்சியில், நோய் பரவியவர்களுக்கு நாலு மருந்து சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேர் 11 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். பழைய மருந்து ஒன்றை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஏழு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். ஆனால் அந்த நாலு மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். எல்லோருக்கும் அது ஒத்துவராது. ஒப்பரேஷன் செய்து முடித்தவர்களுக்கும் பின்னால் மருந்தேற்றுவது மிக முக்கியம். 2018 இல் வெளிவந்த ஆராய்ச்சியில், அப்படிப் புதிய மருந்துக் கூட்டைப் பெற்ற நல்ல உடல்நிலை உள்ளவர்களில் பாதிப் பேர் நாலரை வருடம் தாண்டினார்கள்.

பணமும் செல்வாக்கும் இருந்தால் தப்பிவிடலாமா? இந்தியாவில் கோவா மாநில முதலமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கருக்கு இந்த நோய் 2018 இல் தெரியவந்தது. அமெரிக்கா வரை போய்ச் சிகிச்சை பெற்றார். 2019 ஜனவரியில் மூக்கில் குழாயோடு சட்டசபைக்கு வந்து வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். அந்த மார்ச் மாதம் 17 ஆம் திகதி காலமானார். மறுபக்கம், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர் ரூத் கின்ஸ்பர்க் அம்மாவுக்கு, வழக்கமான பரிசோதனையில் கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. 2009 இல் ஒப்பரேஷன் நடந்தது. அதன் பிறகு 11 வருடம் வாழ்ந்து 2020 இல் காலமானார். இருவருக்கும் வசதி இருந்தது. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆகவே "தோட்டத்து ஆளு என்பதால் விட்டுட்டாங்க" என்ற மனக்கசப்பை இந்த விஷயத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கணையத்தில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே சாதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போன்றவற்றைச் சுரக்கும் பகுதியில் வரும் ஒரு வகை மெதுவாக வளரும். அப்பிள் கம்பனி ஸ்டீவ் ஜொப்சுக்கு வந்தது அந்த வகை. 2003 இல் தெரிந்து, 2004 இல் ஒப்பரேஷன் செய்து, 2011 வரை இருந்தார். அந்த வகையாக இருந்தால் பரவிய பிறகும் சிலருக்கு ஒப்பரேஷன் பயன் தரும். அதனால் "என்ன வகைக் கட்டி, சதைத்துண்டு எடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்பது நல்லது.

வெட்டாமல் என்னென்ன செய்யலாம்?

மஞ்சளுக்கும் அரிப்புக்கும்: வாய் வழியாகக் கமரா குழாய் விட்டு, அடைபட்ட பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைப்பார்கள். பித்தம் இறங்கினால் சில நாளிலேயே அரிப்புக் குறையத் தொடங்கும். பிளாஸ்டிக் குழாய் சில மாதத்தில் அடைபடக்கூடும், உலோகக் குழாய் கூட நாள் நிற்கும். குழாய் வைத்தவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

வலிக்கு: மோர்பின் கொடுப்பார்கள். மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். டொக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஒன்றும் நடக்காது. வலி வந்த பிறகு கொடுக்காமல் நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். வலி அடங்காவிட்டால் வயிற்றின் பின்பக்க நரம்புக்கு ஊசி போடும் முறையும் உண்டு.

சாப்பாட்டுக்கு: கணைய நீர் குறைவதால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அந்த நீருக்குப் பதிலான குளிசை உண்டு. சாப்பிடத் தொடங்கும்போதே அதை விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு. பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். பருப்பு, முட்டை, நெத்தலி, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், இரத்தம் கட்டியிருக்கலாம். உடனே காட்ட வேண்டும். இந்த நோயில் அது அடிக்கடி வருவது.

பணத்தைப் பற்றி

அரச ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ஸ்டென்ட், மருந்தேற்றல், வலி மருந்து எல்லாவற்றுக்கும் சேவை இலவசம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் புற்றுநோய்ச் சிகிச்சை கொடுக்கும் இடங்கள். சில மருந்து அங்கே இல்லாமல் வெளியில் வாங்கச் சொல்லும் நேரம் உண்டு. அதற்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வேலையில் இருப்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வைத்தியத் தேவைக்கு எடுக்க, சில நிபந்தனைகளோடு வழி உண்டு.

தோட்டை அடகு வைக்கும் முன், வட்டிக்கு வாங்கும் முன், ஒரு கிழமை பொறுங்கள். ஸ்கேன் ரிப்போட்டைக் கொண்டு போய் இரண்டாவது டொக்டரிடம் அபிப்பிராயம் கேட்பதில் தப்பே இல்லை. அதற்குச் செலவு கொஞ்சம்தான். யாராவது "முழுசாச் சுகமாக்கித் தாறேன், இவ்வளவு கட்டுங்க" என்று உறுதி சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

இவற்றைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனால் பயத்தில் எல்லாம் மறந்துவிடும்.

1. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வேறு எங்கே போயிருக்கிறது?
2. கட்டி என்ன வகை?
3. ஒப்பரேஷன் இப்போது முடியாதா, எப்போதுமே முடியாதா?
4. மருந்தேற்றினால் என்ன நன்மை, என்ன கஷ்டம்? இந்த உடம்பு தாங்குமா?
5. மஞ்சளுக்கும் வலிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்யலாம்?
6. வீட்டில் என்ன நடந்தால் உடனே கூட்டி வர வேண்டும்?

மொழி பிரச்சினையாக இருந்தால், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். நலன்புரி உத்தியோகத்தரைக் கேளுங்கள். கூட வருவது எங்கள் கடமை.

நோயாளிக்குச் சொல்வதா, மறைப்பதா?

நம்ம வீடுகளில் மறைப்பதுதான் வழக்கம். அந்த மகன்மாரும் மறைத்தார்கள். ஒரு நாள் ஐயாவே கேட்டார்: "டேய், என்னைப் பத்தி எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியாதா?" அதன் பிறகு சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பென்ஷன் புத்தகமும் சேமலாபக் கடுதாசியும் எங்கே இருக்கிறது என்று காட்டினார். சண்டை போட்டு நாலு வருஷமாகப் பேசாமல் இருந்த தம்பியை வரச் சொன்னார். எவ்வளவு சொல்வது என்பது நோயாளி எவ்வளவு கேட்க விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் அவர் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள். அவருக்கும் செய்து முடிக்க வேலைகள் இருக்கும்.

அந்த ஐயாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது, தூங்கினார். மூன்று தடவை மருந்தேற்றினார்கள். நாலாவது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் பட்டாசு கொளுத்துவதைப் பார்த்தார். தைப்பொங்கலுக்கு முன் வீட்டிலேயே, வலி அதிகம் இல்லாமல் கண்ணை மூடினார். நோய் தெரிந்து ஏழு மாதம். அம்மாவின் தோடு அம்மாவின் காதில்தான் இருக்கிறது. எட்டாம் நாள் வேலை முடிந்து மூத்த மகன் சொன்னான்: "வெட்டியிருந்தா அந்த ஏழு மாசமும் ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் சார் போயிருக்கும்."

கடைசியாக ஒன்று

இந்த நோய் வராமல் முழுவதும் தடுக்க வழியில்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கலாம். சிகரட், பீடி குடிப்பவருக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெற்றிலையோடு போடும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயோடு கணையப் புற்றுநோயையும் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துள்ளது. குளிருக்குப் போடுகிறோம், பசி தெரியாமல் இருக்கப் போடுகிறோம் என்று சொல்லும் அக்காமார் புகையிலையையாவது விட்டுவிட வேண்டும். அதிக சாராயம் கணையத்தைத் திரும்பத் திரும்ப வீங்க வைக்கும், அதுவும் ஆபத்தே.

கண் மஞ்சளானால் காத்திருக்காதீர்கள். டொக்டர் முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். என்ன முடியும் என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஒபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்